பழைய கணினியிலும் ஓடும்படி பில்டு செய்து கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2019இல் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்த நம் வட ஆற்காட்டுப் பகுதியில் ஆம்பூர் காலணித் தொழிற்கூடம், பேரணாம்பட்டு தோல் கிடங்கு, குடியாத்தம் அச்சகம், சாலையோர எடைமேடை என்று எங்கே நுழைந்தாலும் ஒரு மூலையில் பழைய கணினி ஒன்று நாள் முழுக்க உழைத்துக்கொண்டிருக்கும். விண்டோஸ் எக்ஸ்பி, இல்லையென்றால் விண்டோஸ் 7, எங்கேனும் ஓரிடத்தில் உபுண்டு 14.04 என்ற லினக்ஸ். அதற்குப் புதிதாக ஒரு மென்பொருள் கேட்டால் விற்பவர் சொல்லும் பதில், "இதுல ஓடாதுங்க, சிஸ்டத்தை மாத்திடுங்க" என்பதுதான். இந்தப் பதில் பல நேரங்களில் தவறு. மென்பொருளை எழுதியவர் தன் மேசைமேல் இருக்கும் புதிய கணினிக்கு மட்டும் பில்டு செய்துவிட்டு, அதாவது எழுதிய நிரலை அதில் ஓடும் கோப்பாக மாற்றிவிட்டு, பழியைப் பழைய கணினியின்மேல் போடுகிறார். அந்தப் பில்டை எப்படிச் செய்தால் ஓடும் என்பதை, இந்த வேலையைச் செய்பவர்களும் அதற்குப் பணம் கொடுப்பவர்களும் அறியும்படி எழுதுகிறோம். கட்டளைகளையும் பெயர்களையும் அச்சுக்காகத் தமிழ் எழுத்தில் தருகிறோம்; தட்டும்போது வழக்கமான எழுத்துகளில் தட்டிக்கொள்ளவும்.

ஏன் மாற்றாமல் வைத்திருக்கிறார்கள் என்று கேட்பவர்கள் அந்தக் கணினியின் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். எடைமேடை இண்டிகேட்டரிலிருந்தோ, தோலின் சதுர அடியை அளக்கும் இயந்திரத்திலிருந்தோ வரும் ஒன்பது பின் சீரியல் கேபிள் அங்கேதான் செருகியிருக்கும். உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டு அட்டையை விண்டோஸோடு பேசவைக்கும் டிரைவர் 32 பிட் எக்ஸ்பிக்கு மட்டுமே வந்திருக்கும். 64 பிட் விண்டோஸ் 32 பிட் டிரைவரை ஏற்றவே ஏற்றாது. கணினியை மாற்றினால் இயந்திரத்தையும் மாற்றியாக வேண்டும். சில பத்தாயிரத்தில் முடிகிற கணக்கு அல்ல அது.

ஓடாத மென்பொருள் எதனால் ஓடவில்லை என்பதை அதுவே சொல்லிவிடுகிறது. செய்தியைப் படிக்கத்தான் ஆளில்லை. எக்ஸ்பியில் இரண்டுமுறை தட்டியதும் "சரியான வின்32 அப்ளிகேஷன் அல்ல" என்று வந்தால், கோப்பு கெட்டுவிட்டதாக நினைத்து மறுபடி மறுபடி நகலெடுக்கிறார்கள். கோப்பில் ஒரு கோளாறும் இராது. ஒவ்வொரு எக்ஸ்இ (ஓடும் நிரல்) கோப்பின் தலைப்பகுதியிலும் "சப்சிஸ்டம் பதிப்பு" என்று ஓர் எண் உண்டு. மைக்ரோசாஃப்டின் நிரலாக்கக் கருவியான விஷுவல் ஸ்டுடியோவில் 2012 பதிப்பு முதல், துண்டுகளை இணைத்து எக்ஸ்இ ஆக்கும் லிங்கர் அதில் தானாகவே 6.00 என்று எழுதுகிறது. எக்ஸ்பி 32 பிட்டுக்கு அது 5.01 ஆகவும், 64 பிட்டுக்கு 5.02 ஆகவும் இருக்க வேண்டும். 6.00 என்று பார்த்ததுமே எக்ஸ்பி கதவைச் சாத்திவிடும். விஷுவல் ஸ்டுடியோவோடு வரும் டம்ப்பின் என்ற கருவியில் "ஹெடர்ஸ்" கொடுத்துப் பார்த்தால் அந்த எண் கண்ணில் படும்.

அந்த எண்ணை மட்டும் திருத்தி உள்ளே விட்டால் அடுத்த செய்தி வரும்: "கெட்டிக்கவுன்ட்64 என்ற ப்ரொசீஜர் என்ட்ரி பாயின்ட் கெர்னல்32 டிஎல்எல்லில் இல்லை." டிஎல்எல் என்பது பல நிரல்கள் அழைத்துக்கொள்ளும் செயல்கூறுகளின் (ஃபங்ஷன்களின்) தொகுப்புக் கோப்பு. கணினி தொடங்கி எத்தனை மில்லிவினாடி ஆயிற்று என்று சொல்லும் பழைய கெட்டிக்கவுன்ட் செயல்கூறு தருவது 32 பிட் எண் ஆதலால் 49.7 நாளில் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். அதற்காகத்தான் எக்ஸ்பிக்கு அடுத்து வந்த விஸ்டாவில் 64 பிட் வடிவம் வந்தது. எக்ஸ்பியில் அது கிடையாது. இனிஷியலைஸ் க்ரிட்டிக்கல் செக்‌ஷன் இஎக்ஸ், ஐநெட் என்டாப் ஆகியவையும் அப்படித்தான். மாற்று எளிது: பழைய செயல்கூறையே அழைத்து, இப்போது வந்த எண் முன்பு வந்ததைவிடச் சிறியதானால் மேல் 32 பிட்டில் ஒன்றைக் கூட்டிக்கொள்ளலாம். இரவு பகல் நிறுத்தாமல் ஓடும் எடைமேடைக் கணினியில் இந்தக் கூட்டலை விட்டுவிட்டால் ஐம்பதாவது நாள் நேரக்கணக்கு தவறும்.

மூன்றாவது, "இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்". பென்டியம் 3, அத்லான் எக்ஸ்பி போன்ற சில்லுகளில் எஸ்எஸ்இ2 என்ற பிந்தைய கணக்குக் கட்டளைகள் இல்லை. விஷுவல் ஸ்டுடியோ 2012 முதல், நிரலைச் சில்லின் கட்டளைகளாக மாற்றும் கம்பைலர் 32 பிட்டுக்கும் அதையே இயல்பாகப் போடுகிறது. "ஆர்ச்" விருப்பத்தில் "ஐஏ32" என்று கொடுத்தால் போடாது. ஜிசிசி என்ற இலவசக் கம்பைலரில் இதைவிடப் பெரிய பொறி "மார்ச் நேட்டிவ்". பில்டு செய்யும் கணினியின் சில்லுக்கே அளவெடுத்துத் தைத்துவிடும். வேறு கணினிக்குப் பொருந்தாது. வெளியே கொடுக்கும் பில்டில் அந்த விருப்பத்தைத் தொடவே கூடாது. 32 பிட்டுக்கு "மார்ச் ஐ686" போதும்.

எக்ஸ்பிக்கென்று சி++ பில்டு செய்ய இன்றும் நேரான வழி இருக்கிறது. விஷுவல் ஸ்டுடியோ 2017 அல்லது 2019 நிறுவியில் தனி உறுப்புகள் பகுதிக்குப் போய் "வி141 எக்ஸ்பி" கருவித்தொகுப்பைச் சேர்க்கவும். அது விண்டோஸ் 7.1ஏ எஸ்டிகே என்ற நிரலாக்கத் தொகுப்பைப் பயன்படுத்தும்; சப்சிஸ்டம் எண்ணையும் சரியாக வைக்கும். பில்டை வழிநடத்தும் சிமேக் கருவியைப் பயன்படுத்துபவர்கள் "ஏ" விருப்பத்தில் வின்32, "டி" விருப்பத்தில் வி141 எக்ஸ்பி என்று கொடுக்க வேண்டும். வின்32 வின்என்டி மேக்ரோவை (கம்பைலருக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கும் மதிப்பை) பதினாறடிமான எண்ணில் 0501 என்று வரையறுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 7 என்றால் 0601. இந்த மேக்ரோவின் பயன் பலருக்குப் புரிவதில்லை. விஸ்டாவுக்குப் பிந்தைய செயல்கூறு ஒன்றைத் தெரியாமல் அழைத்துவிட்டால், பில்டு செய்யும் இடத்திலேயே கம்பைலர் தடுத்துவிடும். இல்லையென்றால் அதே பிழை ஆம்பூரில், வாடிக்கையாளர் முன்னால், திரையில் வரும்.

ஒன்றை மட்டும் கம்பைலரும் தடுக்காது, நிரல் கேட்கும் டிஎல்எல்களைப் பட்டியலிடும் டிபென்டன்சி வாக்கரும் காட்டாது. செயல்கூறுக்குள் வைக்கும் ஸ்டாட்டிக் மாறிகளைப் ஒரே நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் பல த்ரெட்டுகளிலிருந்து பாதுகாக்க, விஷுவல் ஸ்டுடியோ 2015 முதல் கம்பைலர் த்ரெட்டுக்கென ஒதுக்கிய நினைவகத்தைப் பயன்படுத்துகிறது. விஸ்டாவுக்கு முந்தைய விண்டோஸில், நிரல் ஓடத் தொடங்கிய பிறகு லோட் லைப்ரரி மூலம் ஏற்றப்படும் டிஎல்எல்லுக்கு அந்த ஒதுக்கீடு நடக்காது. விளைவாக, பிரதான நிரல் நன்றாக ஓடும். ப்ளக்கின் (இப்படிப் பிறகு ஏற்றப்படும் டிஎல்எல்) ஒன்றை ஏற்றியவுடன் சுருண்டு விழும். "இசட்சி த்ரெட்சேஃப்இனிட்" விருப்பத்தின் கடைசியில் கழித்தல் குறி போட்டு அதை அணைத்துவிட்டு, தேவைப்படும் இடத்தில் பூட்டை நாமே எழுதிக்கொள்ள வேண்டும். நாள்கணக்கில் ஆளை அலைக்கழிக்கும் பிழை இது. காரணம் தெரிந்தால் ஒரு வரியில் தீரும்.

எல்லா சி நிரல்களும் சார்ந்திருக்கும் சி ரன்டைம் லைப்ரரியைப் பொறுத்தவரை, சிறிய மென்பொருளுக்கு எங்கள் பரிந்துரை ஸ்டாட்டிக்காக, அதாவது எக்ஸ்இக்குள்ளேயே, இணைத்துவிடுவது. ஒரே எக்ஸ்இ, பென் டிரைவில் போட்டால் ஓட வேண்டும். விண்டோஸுக்கான ஜிசிசியான மிங்குவைப் பயன்படுத்துபவர்கள், அதன் ரன்டைம் யுசிஆர்டி வகையா, எம்எஸ்விசிஆர்டி வகையா என்று பார்த்துத்தான் இறக்க வேண்டும். எம்எஸ்விசிஆர்டி எல்லா விண்டோஸிலும் இருக்கிறது. யுசிஆர்டி விண்டோஸ் 10 முதல்தான் உடன் வருகிறது. விண்டோஸ் 7இல் கேபி 2999226 அப்டேட் போட்டிருக்க வேண்டும். இணையமே காணாத தொழிற்கூடக் கணினியில் அந்த அப்டேட் இருக்காது.

சி++ தவிர்த்த மொழிகளில் எல்லைக்கோடு கம்பைலர் பதிப்பிலேயே இருக்கிறது. கோ மொழியில் எக்ஸ்பிக்குக் கடைசி 1.10, விண்டோஸ் 7க்குக் கடைசி 1.20. பைத்தானில் எக்ஸ்பிக்கு 3.4, விண்டோஸ் 7க்கு 3.8. ரஸ்ட் 1.78 முதல் விண்டோஸ் 10 வேண்டும். டாட்நெட் ஃப்ரேம்வொர்க் எக்ஸ்பியில் 4.0 வரைதான், 4.5 என்று இலக்கு வைத்தால் ஓடாது. பில்லிங் மென்பொருள் எழுதுபவர்கள் புதிய ப்ராஜெக்ட் திறக்கும்போது இந்த ஓர் எண்ணைக் கவனித்தாலே பாதித் தொல்லை தீரும். ஜாவாவில் "மேஜர் மைனர் பதிப்பு 52.0" என்ற பிழை, ஜாவா 8க்கு கம்பைல் ஆனதை 7இல் ஓட்டியதால் வருவது. அதற்கு சோர்ஸ், டார்கெட் இரண்டையும் 7 என்று வைப்பது மட்டும் போதாது. கன்கரன்ட் ஹேஷ்மேப்பின் கீசெட் திருப்பித் தரும் வகை ஜாவா 8இல் மாறிவிட்டது. 8இன் லைப்ரரியை வைத்து கம்பைல் செய்து 7இல் ஓட்டினால், அந்த வரிக்கு வரும்போது "அப்படியொரு மெத்தட் இல்லை" என்று நிற்கும். ஜேடிகே 9இல் வந்த "ரிலீஸ்" விருப்பம் பழைய லைப்ரரியின் பட்டியலையும் சேர்த்துச் சரிபார்க்கும். அதில் 7 என்று கொடுப்பதே சரி. ஆனால் ஜேடிகே 20இலிருந்து 7ஐ ஏற்பதில்லை. 11 அல்லது 17ஐ வைத்துக்கொள்ளுங்கள்.

இனி தமிழ். வெளியூர்க் கையேடுகள் எதிலும் இது இருக்காது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறோம். வாடிக்கையாளர் பெயரிலேயே கோப்பைச் சேமிக்கும் மென்பொருளில் "வேலு" என்று தட்டினால் விண்டோஸ் 10இல் சேமிக்கிறது, விண்டோஸ் 7இல் "கோப்பை உருவாக்க முடியவில்லை" என்கிறது. நிரலில் கோப்பைத் திறக்கும் எஃப்ஓபன் இருக்கும். அது கோப்புப் பெயரைக் கணினியின் பழைய ஆன்சி குறியீட்டுப் பக்கத்தின்படி (எந்த எண் எந்த எழுத்து என்ற அட்டவணையின்படி) படிக்கிறது. தமிழுக்கு அப்படியொரு பக்கம் விண்டோஸில் ஒருகாலத்திலும் இருந்ததில்லை. ஆகவே பெயரை மாற்றும்போது வ, ஏகாரக் குறி, ல, உகரக் குறி என்று நான்கு குறியீடுகளும் நான்கு கேள்விக்குறிகளாகிவிடும். கேள்விக்குறியைக் கோப்புப் பெயரில் வைக்க விண்டோஸ் அனுமதிக்காது. கதை அங்கே முடிகிறது. விண்டோஸ் 10இன் 1903 பதிப்பு முதல், நிரலோடு சேரும் மேனிஃபெஸ்ட் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் ஆன்சி பக்கமே, எல்லா மொழிகளுக்கும் பொதுவான யுடிஎஃப்-8 ஆகிவிடும். அந்த வரியை நம்பி எழுதுபவர் தன் கணினியில் இந்தப் பிழையைப் பார்க்கவே மாட்டார். பழையவற்றில் அந்த வரிக்கு மதிப்பில்லை.

சரியான வழி, உள்ளே எல்லாவற்றையும் யுடிஎஃப்-8ஆக வைத்துக்கொண்டு, விண்டோஸைத் தொடும் இடத்தில் மட்டும் மல்டிபைட் டு வைட்கேர் மூலம் யுடிஎஃப்-16ஆக மாற்றி, எஃப்ஓபனுக்குப் பதில் டபிள்யூஎஃப்ஓபனையும், கிரியேட்ஃபைலில் டபிள்யூ என்று முடியும் வடிவத்தையும் அழைப்பது. யுனிகோட் மேக்ரோவைப் பில்டில் வரையறுங்கள். மிங்குவ் என்றால் "எம்யுனிகோட்" விருப்பமும், மெயினுக்குப் பதில் டபிள்யூமெயினும். இப்படி எழுதிய நிரல் எக்ஸ்பி முதல் இன்றைய விண்டோஸ் வரை எல்லாவற்றிலும் தமிழ்ப் பெயரில் சேமிக்கும். திரையில் தெரிவதற்கு எக்ஸ்பியில் ரீஜினல் செட்டிங்ஸில் லாங்குவேஜஸ் பக்கம் போய், சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளை நிறுவும் கட்டத்தில் டிக் செய்ய வேண்டும். எக்ஸ்பி சிடியைக் கேட்கும். இல்லாவிட்டால் அந்த வேலை நடக்காது. கருப்புக் கன்சோல் சாளரத்தில் மட்டும் தமிழை எதிர்பார்க்க வேண்டாம், அதற்குச் சிக்கலான எழுத்துமுறை தெரியாது. பிழைச் செய்திகளைக் கன்சோலில் அச்சிடாமல் பதிவுக் கோப்பில் எழுதுங்கள்.

ரூபாய்க் குறியும் இதே வகைதான். 2010 ஜூலையில் ஏற்கப்பட்டு அவ்வாண்டு அக்டோபரில் யுனிகோட் 6.0இல் சேர்ந்த குறி அது. 2001இல் வந்த எக்ஸ்பியின் எழுத்துருக்களில் எப்படி இருக்கும்? ரசீதில் கட்டம் விழும். எழுத்துருவில் அந்தக் குறி இருக்கிறதா என்று நிரல் ஓடும்போதே கேட்டு, இல்லையென்றால் "ரூ." என்று அச்சிடுவது நான்கைந்து வரி வேலை.

லினக்ஸுக்கு வருவோம். "ஜிலிப்சி 2.34 கிடைக்கவில்லை" என்ற செய்தியைப் பார்க்காத லினக்ஸ்காரர் இல்லை. லினக்ஸ் நிரல்கள் சார்ந்திருக்கும் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சி பின்னோக்கி நன்றாக ஒத்துழைக்கும்: பழையதில் பில்டு செய்தது புதியதில் ஓடும். முன்னோக்கி ஓடாது. உபுண்டு 14.04இல் இருப்பது 2.19, 18.04இல் 2.27, 20.04இல் 2.31, 22.04இல் 2.35. இதில் 2.34ஐக் கடப்பதுதான் பெரிய மேடு. த்ரெட் லைப்ரரியைத் தனியே வைக்காமல் ஜிலிப்சிக்குள்ளேயே சேர்த்த பதிப்பு அது; நிரல் தொடங்கும் முதல் செயல்கூறுக்கே புதிய பதிப்பு முத்திரை குத்தினார்கள். அதனால் ஒன்றுமே செய்யாத வெற்று மெயினைக்கூட 22.04இல் கம்பைல் செய்து 20.04க்குக் கொண்டுபோனால் ஓடாது.

வாடிக்கையாளரிடம் இருப்பவற்றில் எது மிகப் பழையதோ, அதிலேயே பில்டு செய்வதுதான் தீர்வு. தனிக் கணினி வேண்டாம், பழைய லினக்ஸின் கோப்புகளைப் புதிய கணினிக்குள்ளேயே தனி அறைபோல் வைத்து ஓட்டும் கன்டெய்னர் போதும். பைத்தான் உலகில் மெனிலினக்ஸ்2014 என்று வழங்கும் கன்டெய்னர் சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது, ஜிலிப்சி 2.17. அதில் புதிய ஜிசிசியும் இருப்பதால் புதிய சி++ எழுதவும் தடையில்லை. வேறு இடத்தில் புதிய ஜிசிசியை வைத்துப் பில்டு செய்தால் "ஸ்டாட்டிக் லிப்எஸ்டிடிசி++", "ஸ்டாட்டிக் லிப்ஜிசிசி" இரண்டையும் லிங்கருக்குக் கொடுங்கள். இல்லையென்றால் ஜிலிப்சியைத் தாண்டியும் சி++ லைப்ரரியில் மாட்டிக்கொள்ளும். ஜிக் கம்பைலர் வைத்திருந்தால் இலக்கின் பெயரிலேயே ஜிலிப்சி 2.17 என்று எழுதிவிடலாம், கன்டெய்னரே வேண்டாம். பில்டு முடிந்ததும் ஆப்ஜ்டம்ப்பைப் பெரிய "டி" விருப்பத்துடன் ஓட்டி, ஜிலிப்சி என்ற சொல்லை வடிகட்டி, வரும் எண்களில் பெரியதைப் பாருங்கள். அதற்குக் கீழுள்ள ஜிலிப்சியில் உங்கள் நிரல் ஓடாது. இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது; செய்யாமல் அனுப்புகிறவர்களை எங்களால் மன்னிக்க முடியவில்லை.

எல்லாவற்றையும் முழு ஸ்டாட்டிக்காக இணைத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். ஜிலிப்சியில் அது சரிப்படாது. கணினிப் பெயரை முகவரியாக மாற்றும் கெட்அட்ரின்ஃபோ, ஓடும் நேரத்தில் அந்தக் கணினியின் லைப்ரரியைத் தேடிப் போகும். பதிப்பு ஒத்துவராவிட்டால் பிணையத்தைத் தொட்டவுடன் விழும். முழு ஸ்டாட்டிக் வேண்டுமென்றால் ஜிலிப்சிக்கு மாற்றான மஸ்ல் லைப்ரரியை வைத்துச் செய்யுங்கள்.

மிகப் பழைய சென்ட்ஓஎஸ் 6 கன்டெய்னரை எடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அதன் ஜிலிப்சி 2.12, லினக்ஸின் மையமான கர்னலின் விசிஸ்கால் என்ற பழைய ஏற்பாட்டை நம்பியிருக்கிறது. புதிய கர்னல்கள் பலவற்றில் அது அணைக்கப்பட்டிருப்பதால் கன்டெய்னர் ஒரு வார்த்தையும் பேசாமல் 139 என்ற எண்ணோடு செத்துப்போகும். பூட் வரியில் விசிஸ்கால் சமம் எமுலேட் என்று சேர்த்து மறுதொடக்கம் செய்தால் உயிர் வரும்.

இனி, மூலநிரலோடு வரும், பில்டுக்கு முன் பலரும் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டும் கன்ஃபிகர் ஸ்கிரிப்ட். இதன் தத்துவம் நல்லது. "இது எந்த ஓஎஸ்?" என்று கேட்காது, "இந்தச் செயல்கூறு இருக்கிறதா?" என்று சிறு நிரல் எழுதி, கம்பைல் செய்து பார்க்கும். ஓஎஸ் பெயரை வைத்து நிரலில் கிளை பிரிப்பவர்கள் இதைக் கற்க வேண்டும். அதே ஓஎஸ் அடுத்த பதிப்பில் மாறிவிடும், பெயர் மாறாது. ஆனால் இந்தச் சோதனை பில்டு செய்யும் கணினியைப் பற்றியது. ஓடப்போகும் கணினியைப் பற்றியது அல்ல. புதிய ஆப்பிள் மேக் கணினியில் பில்டு செய்து, ஓட வேண்டிய மிகப் பழைய பதிப்பைக் குறிக்கும் டெப்ளாய்மென்ட் டார்கெட்டை 10.11 என்று வைத்தாலும், நேரம் சொல்லும் க்ளாக் கெட்டைம் இருக்கிறதென்று கன்ஃபிகர் குறித்துக்கொள்ளும். அது மேக்கில் வந்ததே 10.12இல். 10.11இல் அந்த நிரல் திறக்கும்போதே "சிம்பல் இல்லை" என்று நிற்கும். லினக்ஸில் தற்செயல் எண் தரும் கெட்ரேண்டம் இப்படி: ஜிலிப்சி 2.25இல் இருக்கும், ஆனால் கர்னல் 3.17க்குக் கீழே இருந்தால் "அப்படியொரு வசதி இல்லை" என்ற பிழை எண்ணைத் திருப்பும். அந்த எண்ணைப் பார்த்து யுரேண்டம் கோப்புக்குத் திரும்பும் வழி நிரலில் இருந்தாக வேண்டும். ஆப்பிள் மேக்கைப் பொறுத்தவரை, கன்ஃபிகரின் தவறான விடையைக் கட்டளை வரியிலேயே "ஏசி சிவி ஃபங்க்" என்று தொடங்கும் அந்தச் செயல்கூறின் மாறிக்கு "நோ" என்று கொடுத்துத் திருத்தலாம்.

நம் ஊருக்கென்றே ஒரு பிழை உண்டு. கத்திரி வெயிலிலும் புழுக்கமான அறையிலும் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் கணினியின் மதர்போர்டில் சிஆர்2032 பட்டன் செல் தீர்ந்துபோயிருக்கும். மின்சாரம் போய் வந்ததும் தேதி 2002 என்றோ 2005 என்றோ திரும்பிவிடும். யாரும் கவனிப்பதில்லை. பில்டை நடத்தும் மேக் என்ற கருவி (ஆப்பிள் கணினி அல்ல) எதை மறுபடி கம்பைல் செய்வது என்று முடிவெடுப்பது கோப்புகளின் தேதியை வைத்து. நேற்று, தேதி சரியாக இருந்தபோது கம்பைல் ஆன துண்டான ஆப்ஜெக்ட் கோப்பு உருவானது. இன்று நீங்கள் நிரலைத் திருத்திச் சேமிக்கிறீர்கள். அதன் தேதி 2002. ஆப்ஜெக்ட்தான் புதியது என்று மேக் நம்பும். "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போகும். திருத்தம் உள்ளே போகவே இல்லை. திருத்தியவரோ தன் திருத்தம் தவறென்று நினைத்து மேலும் மேலும் மாற்றிக்கொண்டிருப்பார். "க்ளாக் ஸ்க்யூ" எச்சரிக்கையோ, கன்ஃபிகரின் "கணினிக் கடிகாரத்தைச் சரிபார்க்கவும்" என்ற செய்தியோ வந்தால் நிரலை விட்டுவிட்டு முதலில் செல்லை மாற்றுங்கள். 3 வோல்ட் செல், எந்தக் கடிகாரக் கடையிலும் கிடைக்கும். பிறகு தேதியைத் திருத்தி, மேக் க்ளீன் செய்து, முதலிலிருந்து பில்டு செய்யுங்கள்.

தேதியோடு சேர்ந்த இன்னொன்று: நிரல் மாற்றங்களைச் சேமித்துவைக்கும் கிட் கருவியிலிருந்து எடுத்த மூலத்தில் கோப்புத் தேதிகள் தாறுமாறாக இருக்கும். உடனே மேக் "ஆக்லோக்கல் 1.15 இல்லை" என்று புலம்பும். கன்ஃபிகரை உருவாக்குபவர்களுக்கான ஆக்லோக்கலை நிறுவ ஓட வேண்டாம். ஆக்லோக்கல் எம்4, பிறகு கன்ஃபிகர், பிறகு கான்ஃபிக் ஹெச்சின் இன் கோப்பு, கடைசியில் மேக்ஃபைலின் இன் கோப்புகள் என்று இந்த வரிசையில் கோப்பின் தேதியைப் புதுப்பிக்கும் டச் கட்டளை கொடுத்தால் அமைதியாகும்.

பென் டிரைவில் மூலத்தைத் திறந்த நிலையில் கொண்டுபோகாதீர்கள். பென் டிரைவின் எஃப்ஏடி32 அமைப்பில் இயக்கும் அனுமதி தங்காது, சிம்லிங்க் (வேறு கோப்பைச் சுட்டும் பெயர்) தங்காது, நேரமும் இரண்டு வினாடிக்கு ஒருமுறைதான் பதியும். டார் கோப்பாகக் கட்டிக் கொண்டுபோய், அங்கே கணினியின் சொந்த வட்டில் பிரியுங்கள். விண்டோஸில் திறந்து சேமித்த ஸ்கிரிப்ட் என்றால் வரி இறுதிக் குறி மாறி "பேட் இன்டர்ப்ரிட்டர்" என்று வரும். கோப்பு கண்ணெதிரே இருக்க, இல்லை என்று சொல்வதால் குழப்பும். கிட் ஆட்ரிப்யூட்ஸ் கோப்பில் ஸ்கிரிப்ட்களுக்கு லினக்ஸின் வரி இறுதிக் குறியான எல்எஃப் என்று நிரந்தரமாக எழுதிவிடுங்கள். எக்ஸ்பியில் பில்டு செய்வதானால் "டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்" கோப்புறைக்குள் செய்யாதீர்கள். பெயரில் இடைவெளி இருப்பதால் மேக்கும் கன்ஃபிகரும் துண்டு துண்டாகப் படிக்கும். சி டிரைவிலேயே குறுகிய பெயரில் ஒரு கோப்புறை வையுங்கள். 260 எழுத்து வரம்பிலும் சிக்காமல் தப்பிக்கலாம்.

சோலாரிஸ், ஏஐஎக்ஸ் என்ற யுனிக்ஸ் வகைகள் நம் பக்கம் அரிது. சென்னை, பெங்களூருக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்காக இரண்டு வார்த்தை. சோலாரிஸ் 10 வரை இருந்த பழைய ஷெல்லுக்கு (கட்டளைகளைப் படித்து ஓட்டும் நிரலுக்கு) $( ) வடிவம் புரியாது. பின்சாய்ந்த மேற்கோள் குறிதான் புரியும். கான்ஃபிக் ஷெல் மாறியில் எக்ஸ்பிஜி4 கோப்புறையில் உள்ள ஷெல்லைக் கொடுங்கள். சாக்கெட் பயன்படுத்தும் நிரலுக்கு லிங்கரில் சாக்கெட், என்எஸ்எல் இரண்டு லைப்ரரிகளையும் சேருங்கள். ஏஐஎக்ஸில் பகிர் லைப்ரரியே ஆர்க்கைவ் கோப்புக்குள் இருக்கும். 64 பிட் பில்டுக்கு ஆப்ஜெக்ட் மோட் மாறியை 64 என்று வைக்காவிட்டால் ஏஆர் கருவி உங்கள் கோப்புகளை ஏற்காது.

32 பிட் லினக்ஸில் ஒரு காலக்கெடு உண்டு. அதன் நேர எண் 2038 ஜனவரி 19 அன்று நிரம்பிவிடும். இப்போது எதற்கு என்று விடக்கூடாது. இன்று 15 ஆண்டு கடனுக்குத் தவணை அட்டவணை போடும் மென்பொருள் 2038ஐத் தாண்டித்தான் ஆக வேண்டும். அங்கே தேதியை நேர எண்ணாக மாற்றும் எம்கேடைம் கழித்தல் 1 என்று திருப்பும். நேர எண்ணை 64 பிட்டாக்கும் மேக்ரோ ஜிலிப்சி 2.34இல்தான் வந்தது, பழையதில் கிடையாது. தவணைத் தேதிகளை ஆண்டு, மாதம், நாள் என்று மூன்று எண்களாக வைத்து நீங்களே கணக்கிடுங்கள்.

சோதிக்காமல் கொடுக்காதீர்கள். கணினிக்குள் இன்னொரு கணினியாக ஓடும் விர்ச்சுவல் மெஷினில் எக்ஸ்பிக்கு 512 எம்பி நினைவகம் தாராளம். கம்பைலர் எதுவும் நிறுவாத வெற்று எக்ஸ்பியாக இருக்கட்டும். ஸ்னாப்ஷாட் எடுத்துவைத்து ஒவ்வொரு சோதனைக்கும் அதற்கே திரும்புங்கள். ஆனால் விர்ச்சுவல் மெஷின் உங்கள் புதிய சில்லையே உள்ளே காட்டும். எஸ்எஸ்இ2 பிழை அதில் வெளிப்படாது. சில்லையே நடித்துக்காட்டும் கியூஇஎம்யூவில் சிபியு விருப்பத்தைப் பென்டியம்3 என்று வைத்து ஓட்டிப் பாருங்கள். மெதுவாக ஓடும், ஆனால் பிழையைக் காட்டிக்கொடுக்கும். சீரியல் போர்ட் எண் 9ஐத் தாண்டினால் காம்10 என்ற வெறும் பெயரில் திறக்காது, முன்னால் \\.\ சேர்க்க வேண்டும். யுஎஸ்பி மாற்றி வைத்திருக்கும் கடைகளில் இந்த எண் 10, 12 என்று ஏறிக்கொண்டே போவது வழக்கம்.

பாதுகாப்பையும் மறைக்கக் கூடாது. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்றும், விண்டோஸ் 7க்கானது 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10க்கானது 2025 அக்டோபர் 14 அன்றும் முடிந்தன. இணையப் பரிமாற்றத்தை மறைகுறியாக்கும் டிஎல்எஸ் முறையில் எக்ஸ்பியின் சொந்த லைப்ரரி 1.0ஐத் தாண்டாது. இணைய வங்கி, ஜிஎஸ்டி தாக்கல், மின்னஞ்சல் ஆகியவற்றுக்குப் புதிய கணினியை வைத்துக்கொள்ளுங்கள். இயந்திரத்தோடு பேசும் பழைய கணினியிலிருந்து இணைய ஒயரைப் பிடுங்கிவிடுங்கள். இரண்டுக்கும் நடுவே கோப்புகள் பென் டிரைவில் போகட்டும், செருகியதும் தானாக ஓட்டும் ஆட்டோரன் அணைந்திருக்கட்டும். மென்பொருள் தருபவர் கோப்போடு, அது மாறவில்லை என்று காட்டும் எஸ்ஹெச்ஏ256 கூட்டெண்ணையும் தர வேண்டும். விண்டோஸ் 7 முதல் செர்ட்யூட்டிலின் ஹேஷ்ஃபைல் கட்டளையில் அதைச் சரிபார்க்கலாம்.

நம் பகுதிக் கல்லூரிகளின் கணினித் துறைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஆய்வகத்திலிருந்து கழிக்கும் கணினிகளில் இரண்டை மட்டும் ஏலத்துக்கு அனுப்பாமல் நிறுத்திவையுங்கள். இறுதியாண்டு மாணவரின் ப்ராஜெக்ட் தன் மடிக்கணினியில் ஓடினால் போதாது, அந்த இரண்டிலும் ஓட வேண்டும் என்று ஒரு நிபந்தனை வையுங்கள். மேலே சொன்ன அத்தனையும் ஒரே பருவத்தில் கைக்கு வந்துவிடும். ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் அந்தப் பிள்ளைகளுக்கு வேலை காத்திருக்கிறது.

மென்பொருள் வாங்குபவர்கள் விற்பவரிடம் "ஓடுமா?" என்று மட்டும் கேட்டால் "ஓடும்" என்றோ "ஓடாது" என்றோதான் பதில் வரும். நான்கு விவரங்களை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து, இதற்குப் பில்டு செய்து தாருங்கள் என்று கேளுங்கள். விண்டோஸ் என்றால் ரன் பெட்டியில் வின்வர் தட்டினால் வரும் பதிப்பும் சர்வீஸ் பேக் எண்ணும். லினக்ஸ் என்றால் எல்டிடி வெர்ஷன் காட்டும் முதல் வரியும் யூநேம் ஆர் காட்டும் கர்னல் எண்ணும். அடுத்து 32 பிட்டா 64 பிட்டா என்பது. மூன்றாவது சில்லின் பெயர். நான்காவது சீரியல் போர்ட் எண். அதே சீட்டின் இன்னொரு நகலைக் கேபினட்டின் பக்கவாட்டில் ஒட்டிவையுங்கள். பின்பக்கம் ஒட்டினால் ஃபேன் தள்ளும் சூட்டில் பசை இளகி விழுந்துவிடும்.

இப்படிக்கு,
மென்பொருள் பில்டு வேலை செய்யும் நண்பர்கள் சிலர்,
சத்துவாச்சாரி, வேலூர்.